வெள்ளவத்தை நாய்க்கூட்டுக்கு நான் போட்ட சிவப்புத் தரை

அன்று அந்த வளவில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான். பெயர் அந்தோனி. கொட்டாஞ்சேனை. மேசன் வேலை. அப்போது வயது இருபத்தாறு. புத்தி அதற்கும் கீழே.

பியதாச. எனக்குக் கலவை குழைத்துத் தருபவர். என்னைவிட மூத்தவர். தெமட்டகொடையிலிருந்து சைக்கிளில் வருவார். தமிழ் விளங்கும். பேசுவது சிங்களம்.

மிஸிஸ் நாகலிங்கம். வீட்டுக்கார அம்மா. யாழ்ப்பாணம் சொந்த ஊர். நாய் வளர்ப்பவர்.

நாகலிங்கம் ஐயா. அவருடைய கணவர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாய்க்குப் பயந்தவர்.

சவரி பாஸ். எட்டு வருடமாக நான் வேலை செய்தது அவரிடம். (மேசனையும் தச்சனையும் எங்கள் ஊரில் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னை அப்போது யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. பியதாச மட்டும் கூப்பிடுவார், அதுவும் சிரித்துக்கொண்டு.)

செலின். சவரி பாஸின் ஒரே மகள். இவ்வளவு அவமானமும் அவளுக்காகத்தான்.

பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே ஒரு தலை. அந்தத் தலைக்குக் கீழே யார் என்று நான் கடைசிவரை பார்த்ததில்லை.

பிறகு நாய்கள். மேஜர், ராணி, டொபி. மூன்றும் அல்சேஷன். நான்காவது மந்திரி. அது தெருநாய், குட்டைக்கால். எல்லோரையும் பார்த்துக் குரைக்கும், ஒரு வேலையும் செய்யாது. அதனால் ஐயா வைத்த பெயர்.

இனி, இத்தனை பேர் ஒரு நாய்க்கூட்டின் முன்னால் ஏன் நின்றோம் என்று சொல்கிறேன்.

நான் அதிகம் பேச மாட்டேன். எங்கள் வேலையில் வாயைத் திறந்தால் சீமெந்துத் தூசு போகும். அப்படியே பழகிவிட்டது. செலினோடு நான் எட்டு வருடத்தில் பேசியது ஒரே ஒரு கேள்விதான். வாசலில் நின்று "பாஸ் இருக்கிறாரா?" என்று கேட்பேன். அவர் இருக்க மாட்டார் என்று தெரிந்துதான் கேட்பேன். "இல்லை" என்பாள். போய்விடுவேன். இதைக் காதல் என்று நான் நினைத்திருந்தேன். (அவள் என்ன நினைத்தாள் என்பது பிறகு.)

ஒரு நாள் ஒரு மதிலுக்குப் பூச்சுப் பூசிக்கொண்டிருந்தபோது பாஸிடம் நேராகவே கேட்டேன்.

"பாஸ், செலினை எனக்குக் கட்டிக் குடுப்பீங்களா?"

அவர் கரண்டியை நிறுத்தவில்லை.

"இவ்வளவு காலத்துல நீ தனியா என்னடா கட்டியிருக்க?"

"ஒண்டும் இல்ல பாஸ்."

"முதல்ல ஒரு வேலையைத் தனியா முடி. நான் வந்து பார்ப்பேன். நல்லா இருந்தா கதைப்போம். இல்லாட்டி வேற பொண்ணைத் தேடு. வேற பாஸையும் தேடு."

பெண்ணும் போகும், வேலையும் போகும். கணக்கு எனக்கு விளங்கியது. "சரி பாஸ்" என்றேன்.

அடுத்த மாதமே வேலை வந்தது. வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் வீடு. ரயில் போனால் அலுமாரிக் கோப்பை எல்லாம் கிலுங்கும். பின்வளவில் நான்கு நாய்க்கூடுகள் வரிசையாகக் கட்டிக் கூரையும் போட்டிருந்தது. யாரோ கட்டியது. தரை மட்டும் இல்லை. வெறும் கடற்கரை மணல். மேஜர் சுவருக்கு அடியால் சுரங்கம் தோண்டிப் பக்கத்து வளவுக்குப் போய்வந்தது. மணலில் உண்ணி. மழைக்கு நாற்றம். பக்கத்து மதில் தலை தினமும் எழும்பி முறைப்பாடு சொல்லியது. கடைசியில் நான்கு நாயும் வீட்டுக்குள் வந்துவிட்டன. ஐயாவின் சாய்மனைக் கதிரையில் ராணி படுத்தது. ஐயா நின்றுகொண்டு பேப்பர் படித்தார்.

அம்மா எனக்கு வேலையை விளங்கப்படுத்தினார். நன்றாகத்தான் விளங்கப்படுத்தினார்.

"தம்பி, கவனமாக் கேளும். நாய் கிண்டேலாத தரை வேணும். ஒரு வாளி தண்ணி ஊத்தினா எல்லாம் கழுவுப்பட்டுப் போகோணும். தேங்கி நிக்கப்படாது. பின்பக்கம் கான் இருக்கு. விளங்கினதோ?"

"ஓம் அம்மா."

"நாயளுக்குக் கால் நோகப்படாது."

"ஓம் அம்மா."

"வேற ஏதும் கேக்க இருக்கோ?"

"இல்லை அம்மா."

தரை என்ற சொல் விழுந்த உடனே என் மனம் வெள்ளவத்தையில் இல்லை. செலின் வீட்டு நடு அறைக்குப் போய்விட்டது. மீதி எல்லாவற்றுக்கும் வாய்தான் ஓம் சொன்னது.

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீடுகள் வரிசை வீடுகள். ஒன்றின் முதுகு மற்றதன் முதுகோடு ஒட்டியிருக்கும். பின்னால் கழிவுத் தண்ணீர் ஓடுகிற கான் கிடையாது. வீடு கழுவுகிற தண்ணீர் முன்வாசலால் இறங்கித்தான் தெருக்கானுக்குப் போகவேண்டும். ஆகவே எங்கள் கைக்குத் தெரிந்த வாட்டம், அதாவது தரையின் சரிவு, ஒன்றே ஒன்று. வாசலை நோக்கி. மேலே சிவப்புச் சீமெந்து. அதற்கு மேலே மெழுகு. நத்தார்ப் பண்டிகைக்கு முந்திய வாரம் எந்த வீட்டுக்குப் போனாலும் தேங்காய் மட்டையைப் பாதியாக வெட்டி, காலுக்குக் கீழே வைத்து, இடுப்பில் கையை ஊன்றி யாராவது ஒருவர் தரையோடு ஆடிக்கொண்டிருப்பார். தரையில் முகம் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் அது தரை, செய்தவன்தான் பாஸ்.

நாய்க்கூட்டுக்கு வேறு மாதிரித் தரை உண்டா என்று நான் யோசிக்கவில்லை. தரை என்றால் தரை.

அடித்தளம் குறை சொல்ல முடியாதபடி போட்டேன். மணலை வாரி எடுத்து, உடைகல் நிரப்பி, மரக்குற்றியால் இடித்து, அதற்கு மேல் கொங்கிறீட். அது இன்றைக்கும் வெடிக்கவில்லை. என் மரியாதையில் மிச்சம் இருப்பது அதுதான்.

பிறகு பின்சுவரைப் பார்த்தேன். ஒவ்வொரு கூட்டிலும் சுவரின் அடியில் ஓர் ஓட்டை. முன்னே கட்டியவன் கல் வைக்க மறந்துவிட்டான் என்று முடிவு செய்தேன். பாம்பு வருமே. ஒன்றுவிடாமல் அடைத்துப் பூசினேன். பிறகு நானே தேடினாலும் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குச் சுத்தம்.

பியதாச மண்வெட்டியில் சாய்ந்து நின்று பார்த்தார். "பாஸ், ஏ ஹில வஹனவாத?" என்று கேட்டார். அந்த ஓட்டையை மூடுகிறீர்களா என்று. தலையாட்டினேன். அவர் ஒருமுறை ஓட்டையைப் பார்த்தார், ஒருமுறை என்னைப் பார்த்தார், அடுத்த கலவையைக் குழைக்கப் போனார்.

இதையெல்லாம் அம்மா பார்த்திருந்தால் நின்றிருக்கும். அந்தக் கிழமை முழுக்க அவர் களுபோவிலவில், மகள் வீட்டில் இருந்தார். மகளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. வீட்டில் ஐயாவும் நாய்களும் மட்டும். ஐயா வராந்தாவில் பாய் போட்டுப் படுத்தார். காலையில் வந்து என் தரையைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

சிவப்புத் தரை இறுகியதும் நானும் பியதாசவும் மட்டை போட்டோம். நாய்க்கூட்டின் கூரை தாழ்வு. நேராக நிற்க முடியாது. குனிந்தபடியே இரண்டு பேர் இடுப்பை ஆட்டி ஆட்டித் தேய்த்தோம். மதிலுக்கு மேல் தலை எழும்பிப் பார்த்தது. இறங்கியது. முறைப்பாடு சொல்லக்கூட அதற்கு வார்த்தை வரவில்லை.

கூட்டு வாசல்களுக்கு முன்னால் நீளமாக ஒரு துண்டுத் தரை மட்டும் மிச்சம். சேறு படாமல் இருக்க அம்மா கேட்டது. சீமெந்து போதவில்லை. அந்த நாளில் ஒரு மூட்டைக்குப் பத்து இடம் அலைய வேண்டும். சனிக்கிழமை பின்னேரம்தான் புறக்கோட்டையில் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை பாஸ் பார்க்க வருகிறார். விடிந்தும் விடியாமலும் வந்து போட்டேன். பூசைக்குப் போகவில்லை. (அதற்குத்தான் கடவுள் என்னை இருத்தினார் என்று இன்றைக்கும் வீட்டில் சொல்வார்கள்.) மழை மூட்டமாக இருந்தது. கலவையில் தண்ணீரும் கொஞ்சம் கூடிப்போனது. துண்டு இறுகவில்லை. குறுக்கே ஒரு பலகை போட்டு வைத்தேன்.

அம்மா களுபோவிலவில் இருந்து வந்தார். சவரி பாஸும் செலினும் பூசை முடிந்து பஸ்ஸில் வந்தார்கள். பாஸ் வெள்ளைச் சட்டை. செலின் நீலப் பூப்போட்ட கவுன். நான் கையில் மெழுகு டின்னோடு நின்றேன். கடைசி நேரத்தில் எங்காவது மங்கினால் தேய்க்கலாம் என்று.

பாஸ் பலகையில் ஏறி முதல் கூட்டுக்குள் குனிந்தார். தரையைப் பார்த்தார். சட்டைப்பையில் இருந்து சீப்பை எடுத்தார். தரையைப் பார்த்தே தலையை வாரினார். சீப்பைத் திரும்பப் பையில் வைத்தார். எட்டு வருடத்தில் அவரிடம் நான் வாங்கிய மிகப்பெரிய பாராட்டு அதுதான்.

செலினைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். கல்யாணம் முடிந்தது மாதிரித்தான் எனக்கு.

அம்மா எட்டிப் பார்த்தார்.

"தம்பி, உது நாய்க்கே?"

"ஓம் அம்மா."

"என்ர ஹோலுக்குள்ள கூட இப்பிடி ஒரு தரை இல்லை."

ஐயா தூரத்தில் கதிரையில் இருந்து அம்மாவுக்குக் குரல் கொடுத்தார். "பாக்கியம், நாயள் வீட்டுக்குள்ளயே இருக்கட்டும். நான் உந்தக் கூட்டுக்கு வாறன்."

"நீங்கள் சும்மா இருங்கோ. மேஜர், வா, வா ராசா."

மேஜர் பலகையால் நடந்து உள்ளே போனது. கம்பீரமாகத்தான் போனது. மூன்றாவது அடியில் நான்கு காலும் நான்கு பக்கம் போயின. வயிறு தரையில். தாடை தரையில். அப்படியே கிடந்து கண்ணை மட்டும் உருட்டி அம்மாவைப் பார்த்தது. இறைச்சிக்கடையில் விரித்த தோல் மாதிரி.

ராணி பக்கத்துக் கூட்டுக்குள் போய் கீழே பார்த்தது. தரைக்குள் இன்னொரு நாய். குரைத்தது. தரையில் இருந்த நாயும் வாயைத் திறந்தது. ராணிக்குக் கோபம் ஏறிவிட்டது.

டொபி நல்ல பிள்ளை. உள்ளே போய்ப் பின்சுவரோடு அமைதியாக உட்கார்ந்தது. உட்கார்ந்தபடியே மெல்ல மெல்ல வாசலுக்கு வந்தது. அது ஒன்றும் செய்யவில்லை. வாட்டம் செய்தது.

"இவன் ஏன் தம்பி வெளியில வாறான்?" என்றார் அம்மா.

மந்திரி உள்ளே போகவே இல்லை. பலகையின் நடுவில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தது.

பாஸ் என்னைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தார்.

"தண்ணி ஊத்து" என்றார்.

பியதாச பெரிய வாளியோடு மேஜரின் கூட்டுக்குள் போய்ப் பின்சுவரோடு குனிந்து நின்றார். "பாஸ், லிஸ்ஸனவா" என்று என்னிடம் சொன்னார். வழுக்குகிறது என்று. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்கு அப்போதும் விளங்கவில்லை. ஊற்றச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

ஊற்றினார்.

மெழுகுத் தரையில் ஒரு வாளி தண்ணீர் எவ்வளவு வேகமாகப் போகும் என்று யாரும் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார்கள். பின்னால் போக ஓட்டை இல்லை. போக இருந்த ஒரே வழி வாசல். தண்ணீர் வந்தது. தண்ணீரின் மேல் மேஜர் வந்தது, தோணி மாதிரி, முகம் எங்களைப் பார்த்தபடி. மேஜருக்குப் பின்னால் வாளி வந்தது. வாளிக்குப் பின்னால் பியதாச வந்தார், கதவுக் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டார்.

மேஜர் பலகையில் நின்ற என் முழங்காலில் அடித்தது. நான் பொத்தென்று பின்பக்கம் பட இருந்தேன். விடியப் போட்ட ஈரச் சீமெந்தில். மெழுகு டின்னைக் கையில் இருந்து விடவில்லை. இரண்டு கையாலும் உயரப் பிடித்தபடி, பூசையில் பாதிரியார் பாத்திரத்தைத் தூக்குகிற மாதிரி, அப்படியே இருந்தேன்.

அதற்குப் பிறகு எல்லா நாயும் வெளியே வந்தன. மேஜர் என்மேலால் ஏறிப்போனது. ராணி மேஜருக்குப் பின்னால். டொபி ராணிக்குப் பின்னால். மந்திரியும் பலகையில் இருந்து குதித்து, காரணம் இல்லாமல் அங்கும் இங்கும் ஓடிக் குரைத்தது. ஐயா கதிரைக்கு மேல் ஏறி நின்றார். அம்மா "மேஜர்! மேஜர்!" என்று கத்தினார். மதில் தலை, "விழுந்தது ஆர்? நாயோ, ஆளோ?" என்று கேட்டது.

"ஆள்" என்றார் ஐயா.

பியதாச ஓடி வந்து ஈர்க்குமாற்றை எடுத்து ஈரச் சீமெந்துத் துண்டில் நின்ற தண்ணீரைத் தள்ளினார். தண்ணீர் போனது. சீமெந்தின் மேல் நீள நீளமாகக் கோடு விழுந்தது.

நான் எழும்பவில்லை. முதலில் மூச்சு வரவில்லை. மூச்சு வந்த பிறகு முயற்சி செய்தேன், முடியவில்லை. நன்றாகப் பதிந்துவிட்டேன். பெண்ணும் போயிற்று, வேலையும் போயிற்று. ஈரம் ஏறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் செலின் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு தொடங்கினாள். பொத்த முடியவில்லை. குந்தி இருந்து சிரித்தாள். கண்ணீர் வந்தது. பூசைக்குப் போட்ட லேஸைத் தலையில் இருந்து எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள்.

அம்மா என் முன்னால் வந்து நின்றார்.

"தம்பி, பின்சுவரில ஓட்டையள் இருந்தது. எங்க?"

"அடைச்சிட்டன் அம்மா."

"ஏன்?"

"பாம்பு."

"உது கானுக்குத் தண்ணி போற வழி."

"ஓம் அம்மா."

ஐயா கதிரையில் நின்றபடியே சொன்னார். "உவர் எதுக்கும் ஓம் எண்டுதான் சொல்லுவார். தம்பி, ஒரு நாயைக் கொண்டு போறீரோ?"

"ஓம் ஐயா."

"பாத்தீரே!"

அந்த நேரம் நாய்கள் திரும்பி வந்தன. பளபளத்த தரைப்பக்கம் ஒன்றும் போகவில்லை. ஈர்க்குமாறு கோடு போட்ட துண்டில் வந்து நின்றன. கால் வழுக்கவில்லை. நான்கும் ஊன்றி நின்றன. மந்திரி என் பக்கத்தில் படுத்தே விட்டது.

"இஞ்ச பாருங்கோ. இதிலதான் நிண்டு பிடிக்குதுகள்" என்றார் அம்மா. பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்துக் கால் கழுவக் கொண்டுபோனார். சீமெந்து தோலைத் தின்னும். என் தோலைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

நான் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு எங்கும் பார்க்கிற நிலையிலும் நான் இல்லை.

சவரி பாஸ் வந்து எனக்கு மேலே நின்றார்.

"இப்ப என்ன செய்யப்போற?"

"மேல் பூச்சைக் கொத்தி எடுப்பேன் பாஸ். அடி நல்லா இருக்கு, அதைத் தொட மாட்டேன். ஓட்டையைத் திறந்து வாட்டத்தைப் பின்னுக்கு மாத்துவேன். சிவப்பு வேணாம், மெழுகு வேணாம். ஈரம் இருக்கும்போதே ஈர்க்குமாறு இழுப்பேன், கோடு கானைப் பார்த்துப் போற மாதிரி. அப்ப காலும் நிக்கும், தண்ணியும் கோட்டோட போகும். மூலையெல்லாம் கூரா விடாம உருட்டி விடுவேன், ஊத்தை தங்காது. கூலி எனக்கு வேணாம்."

என் வாழ்நாளில் அதுவரை நான் பேசிய மிக நீளமான பேச்சு அது. டின்னை இறக்காமலே பேசினேன்.

செலின் சிரிப்பை நிறுத்தினாள்.

"அப்பா! இவருக்குக் கதைக்கத் தெரியும்!"

பாஸ் என்னையும் டின்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருடைய வாயும் ஒரு பக்கம் கோணியது.

"தரையைப் பிழையாப் போட்டு ஓடினவன் நிறையப் பேரைப் பார்த்திருக்கேன். அதுலேயே இருந்து பதில் சொன்னவன் நீ ஒருத்தன். எழும்புடா."

"முடியல்ல பாஸ்."

பாஸ் ஒரு கையைப் பிடித்தார். பியதாச மற்றக் கையைப் பிடித்தார். செலின் முதலில் டின்னை வாங்கினாள். இழுத்தார்கள். நான் வெளியே வந்தபோது ஒரு சத்தம் கேட்டது. அது சீமெந்தின் சத்தம்தான். மதில் தலை கைதட்டியது.

சொன்னபடியே செய்தேன். கொத்துவதற்குத்தான் நாள் எடுத்தது. அவ்வளவு நன்றாகப் பிடித்திருந்தது. பாஸ் மறுபடி வந்தார். பியதாச ஒரு வாளி ஊற்றினார். தண்ணீர் கோட்டோடு கோடாகப் போய்ப் பின்னால் கானில் விழுகிற சத்தம் கேட்டது. மேஜர் ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தது. பாஸ் தரையில் முகத்தைத் தேடினார்.

"ஒண்டும் தெரியல்ல" என்றார். "நல்லது. நாளைக்கு வீட்டுக்கு வா."

முன்பக்கத் துண்டையும் உடைக்கப் போனேன். அம்மா விடவில்லை. "உதைத் தொடாதையும் தம்பி. உந்த வளவிலயே உதுதான் வடிவு."

கல்யாணத்துக்கு அம்மாவும் ஐயாவும் வந்தார்கள். ஐயா கயிற்றில் மந்திரியைப் பிடித்து வந்து என் கையில் கொடுத்தார். "ஓம் எண்டு சொன்னனீர்" என்றார். அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் மாப்பிள்ளையின் முகத்தில்கூட இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். செலினிடம் பிறகு கேட்டேன், "பாஸ் இருக்கிறாரா" என்று நான் வந்து நின்ற காலமெல்லாம் என்ன நினைத்தாய் என்று. "காது கேக்காதவர் எண்டு நினைச்சேன்" என்றாள். "எத்தனை தரம் சொன்னாலும் திரும்ப வந்து கேக்கிறீங்களே."

அதற்குப் பிறகு வெள்ளவத்தையில் நாய் வளர்க்கிற வீடெல்லாம் என்னைக் கூப்பிட்டது. நாய்க்கூட்டு பாஸ் என்றால்தான் தெரியும். பெரிய மாடிகளும் கட்டினேன். அதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

அந்த முன்பக்கத் துண்டுதான் எங்கள் குடும்பத்தின் திருத்தலம். பிள்ளைகள் ஒவ்வொன்றாக நடக்கப் பழகியதும் செலின் வெள்ளவத்தைக்குக் கூட்டிப்போய்க் காட்டுவாள். "இது மேஜர். இது ராணி. இது மந்திரி. இது அப்பா." மருமக்களுக்கும் காட்டியாயிற்று. நாய்களின் கால்தடம் பத்தொன்பது. அதில் சண்டை இல்லை. சண்டை என்னுடையதில்தான். நான் விழுந்தது ஒரு தரம், ஆகவே எனக்கு ஒன்று, மொத்தம் இருபது என்பது என் கட்சி. விழுந்ததை எண்ணவில்லை, பதிந்ததை எண்ணுகிறோம், இரண்டு பக்கமும் தனித்தனியாகத் தெரிகிறது என்பது செலின் கட்சி. பிள்ளைகள் முழுக்க அவள் பக்கம். நத்தார் சாப்பாட்டில் எத்தனையோ தரம் இந்த வழக்கு நடந்திருக்கிறது. நான் விட்டுக்கொடுத்ததில்லை.

போன மாதம் அந்த வீட்டில் இருந்து கூப்பிட்டார்கள். இப்போது அங்கே இருப்பது களுபோவில மகள். புதிதாக நாய் வாங்கியிருக்கிறார். கூட்டுக் கதவு துருப்பிடித்துவிட்டது, தரையையும் ஒருமுறை பாருங்கள் என்றார். செலினும் வந்தாள். தரையில் ஒரு வெடிப்பும் இல்லை. வாளி ஊற்றிப் பார்த்தேன். தண்ணீர் பின்னால் போனது.

முன்பக்கம் வந்தேன். செலின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து விரலால் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசி இடத்துக்கு வந்ததும் விரலை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு மாதிரியே.

"சொல்லுங்க பாஸ். எவ்வளவு?"

குனிந்து நன்றாகப் பார்த்தேன்.

"இருபத்தொன்று."